ஏர்வாடி விலாசம்

முள் ஆழமாக இறங்கியிருந்தது. பாறையில் ஒட்டிக் கிடக்கும் கடல்முள்ளியின் கறுப்பு முள் அது. இருளம்மாளின் வலது கை மோதிர விரலில் நகத்துக்குச் சற்றுக் கீழே ஏறி, ஒடிந்து, உள்ளேயே தங்கி இரண்டு நாளாகியிருந்தது. விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிப் பளபளத்தது. கரையில் வலைக்காரர்கள் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையின் நிழலில் அவளை உட்காரவைத்து, ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, கலைச்செல்வி சதையைக் கிளறிக்கொண்டிருந்தாள். இருளம்மாள் கையை அவளிடம் விட்டுவிட்டு, கடலைப் பார்த்தபடி, மகள் நம்புராணிக்குப் பாம்பனில் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பய ஐஸ் கம்பெனில இருக்கான் தாயி. கடலுக்குப் போறவனுக்குக் குடுக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். அவ அப்பன கடலு கொண்டுபோனது பத்தாதா? ஐஸ் கட்டிக்குள்ள விழுந்து எவனும் செத்ததில்லல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த நேரத்தில் ஊசி எலும்பைத் தொட்டது. கலைச்செல்விக்கு அது விரல் நுனியில் தெரிந்தது, கல்லில் உரசியது போன்ற நெருடல். இருளம்மாளின் சிரிப்பு நிற்கவில்லை.

முள் சீழோடும் ரத்தத்தோடும் வெளியே வந்தது. கலைச்செல்வி பஞ்சை வைத்து அழுத்தினாள். பிறகு, முள்ளே ஏறாத சுண்டு விரலில் ஊசியைக் குத்தினாள். மெதுவாகக் குத்தவில்லை. ஒரு பொட்டு ரத்தம் எழும்பி நின்றது. கட்டில் முதலில் வாங்குவதா பீரோ முதலில் வாங்குவதா என்று இருளம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலயாக்கா?"

"இதெல்லாம் ஒரு வலியா? நீ நல்லாக் கெளறு. பாசிக்காரி கைக்கு ஊசியெல்லாம் கொசுக்கடி."

கலைச்செல்வி ஊசியைக் கீழே வைத்தாள்.

அந்த ஊரில் பெண்கள் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுப்பவர்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். விடியுமுன்னே சின்னச்சாமியின் வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலில் துடுப்பு மாதிரிக் கட்டிய தகடு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கிக்கொண்டு பாறைக்குப் பாறை முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்துப் பைக்குள் திணிப்பார்கள். பாறை கத்தி மாதிரி. அதனால் பத்து விரலுக்கும் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக்கொள்வார்கள். அப்படியும் வெட்டும். உப்புத் தண்ணீரில் வெட்டு எரியும் எரிச்சலில் சிலர் நீருக்குள்ளேயே அழுதுவிடுவார்கள். கடலுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

இருளம்மாள் இரண்டு வருடமாகத் துணி சுற்றுவதில்லை. வெறுங்கையால் எடுத்தாள். துணி இல்லாத விரலுக்குப் பிடிமானம் அதிகம், வேகமும் அதிகம். மற்றவர்கள் ஒரு பை எடுக்கும் நேரத்தில் அவள் ஒன்றரைப் பை எடுத்தாள். 'அவ கை இரும்புக் கை' என்று கரை முழுக்கப் பேச்சு. சின்னச்சாமி அவளை வள்ளத்தின் முகப்பில் உட்காரவைத்தார். நல்ல பாறை தென்பட்டதும் முதலில் குதிப்பது அவள்தான். மற்ற பெண்கள் வயிறெரிந்தார்கள். புதிதாக வரும் பிள்ளைகளிடம், "இருளம்மாளப் பாத்துக் கத்துக்கங்கடி, விரலுக்கு ஒற போட்டுக்கிட்டுக் கடலுக்கு வந்துட்டாளுக" என்று ஏசினார்கள்.

கலைச்செல்வியும் மெச்சியிருக்கிறாள். அதுதான் இப்போது உறுத்தியது.

போன வருடம் வீடு வீடாகத் தொழுநோய் கண்டறியும் கணக்கெடுப்பு நடந்தது. கலைச்செல்வி சுகாதாரத் துறையில் ஒப்பந்த ஊழியர். உள்நாட்டு ஊரில் முண்டு மிளகாய் போடும் வீட்டில் வாக்கப்பட்டவள். பஸ் பிடித்து இந்தக் கரைக்கு வந்து போவாள். அன்றைக்கு அவள் வந்தபோது வள்ளம் அப்போதுதான் கரை தட்டியிருந்தது. பெண்கள் ஈரத்தோடு பாசியை உதறிக்கொண்டிருந்தார்கள். பேர் எழுத விடவே தயங்கினார்கள். தீவுப் பக்கம் போகக்கூடாதென்று பாரஸ்ட்காரன் பிடித்து எழுதினாலும் பேர்தான், நர்சம்மா எழுதினாலும் பேர்தான். ஒருவழியாகச் சம்மதிக்கவைத்து, ஒவ்வொருத்தியாகக் கண்ணை மூடச்சொல்லி, பேனா முனையால் விரலைத் தொட்டு, "எங்க தொட்டேன்?" என்று கேட்டுக்கொண்டு போனாள். இருளம்மாள் கண்ணை மூடியபடி, "தொட்டியா? எப்பத் தொட்ட?" என்றாள். சுற்றி நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். "அவளுக்குப் பேனா எல்லாம் பத்தாது, கடப்பாறையக் கொண்டா." கலைச்செல்வியும் சிரித்தாள். பாசிக்காரிகளின் கை காய்த்துப் போனது, தோல் தடித்தது, அதில் உணர்ச்சி குறைவாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், பெயருக்கு நேரே 'அறிகுறி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது இருளம்மாளை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். முழங்கையின் உள்பக்கம் தடவினாள். நரம்பு கொடிக்கயிறு மாதிரித் தடித்து உருண்டது. ரவிக்கையைத் தளர்த்தி முதுகைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து வெளிறிய படைகள். பஞ்சை வைத்தாள். எதுவும் தெரியவில்லை என்றாள் இருளம்மாள்.

"தேமலு. ரெம்ப நாளா இருக்கு."

"தேமல் இல்லக்கா."

இருளம்மாள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். ரவிக்கை ஊக்கை மாட்டினாள். மாட்ட முடியாமல் இரண்டு தடவை நழுவியது.

"பெருவியாதியா?"

"மாத்திர இருக்கு. ஒரு வருசம் சாப்பிட்டா சரியாயிரும். மொத மாத்திர போட்டதுமே அடுத்தவுகளுக்குப் பரவாது. இதுக்கெல்லாம் இப்ப யாரும்…"

"யாரும்? நீ இந்த ஊர்லயா இருக்க?" அவள் குரலை உயர்த்தவில்லை. "வள்ளத்துல ஏத்துவாகளா? நான் குடிச்ச செம்புல தண்ணி குடிப்பாளுகளா? பாம்பன்காரன் வந்து தாலி கட்டுவானா? எம்பேர மட்டும் எழுதீராத தாயி. வெரலு போனாப் போகுது."

கலைச்செல்வி எழுத வேண்டும் என்றுதான் நினைத்தாள். பேரை எழுதினால்தான் மாத்திரை வரும். எழுதினால்தான் அதே பாயில் படுத்து எழும் மகளையும், அதே வள்ளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து வரும் பதினெட்டுப் பெண்களையும் சட்டப்படி பரிசோதிக்க முடியும், முன்தடுப்பு மாத்திரை கொடுக்க முடியும். இல்லையென்றால் இவளுக்கு நடந்தது அவர்களில் ஒருத்திக்கு ஐந்து வருடம் கழித்து நடக்கும். அந்த எண்ணத்தோடுதான் மறுநாள் முத்துகிருஷ்ணன் முன்னால் போய் நின்றாள்.

முத்துகிருஷ்ணன் வட்டாரத் தொழுநோய் மேற்பார்வையாளர். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் சைக்கிளில் இந்தக் கரை முழுக்கச் சுற்றி, அழுகிய காலையெல்லாம் தன் கையால் கழுவிக் கட்டியவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெரலு மடங்கிருச்சா?"

"சுண்டு வெரலு மடங்க ஆரம்பிச்சிருச்சு. மோதிர வெரல்ல எலும்பு தெரியுது சார்."

"அப்ப ஊனத்தோட வந்த புதுக் கேஸ்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "வியாதி வந்தாக் கேள்வி இல்லம்மா. ஊனம் ஆகுற வரைக்கும் ஏன் கண்டுபிடிக்கலன்னுதான் கேள்வி. மேலருந்து ஒரு டீமு வரும். ரெண்டு வருசமா இந்த வட்டாரத்துல ஒரு ஊனம்கூட இல்லன்னு நம்ம எழுதிக் குடுத்துருக்கோம். போன வருசம் அந்தம்மாவ யாரு பாத்தான்னு கேப்பாக."

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து வந்து, பக்கத்தைப் புரட்டி, அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய கையெழுத்து நீல மையில் அழகாக இருந்தது.

"மார்ச்சுல உனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கணும்," என்றார்.

"சார், தப்பு எம்மேலதான். நா ஒத்துக்கிறேன்."

"நீ ஒத்துக்கிட்டா என்னாகும்? உன்ன எடுத்துருவாக. அந்த எடத்துக்கு வேற ஆள் போடுவாகன்னா நெனைக்கிற? நான் சேந்தப்ப இந்தத் தாலுகாவுக்குப் பதினாலு பேரு. நோய் ஒழிஞ்சிருச்சுன்னு ஒருநாள் கேக்கு வெட்டுனாக, நானும் ஒரு துண்டு தின்னேன். அடுத்த மாசத்துலருந்து ஆள எடுக்க ஆரம்பிச்சாக. நோய ஒழிச்சாகளோ இல்லையோ, நோயப் பாக்குறவன ஒழிச்சுட்டாக. இப்ப நானும் இந்த ஸ்கூட்டரும்தான். அதுவும் ஸ்டார்ட் ஆனாத்தான்."

மின்விசிறி கடகடத்தது. அவர் பதிவேட்டை மூடினார்.

"ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போ. தர்காவுக்கு நாலா பக்கத்துலருந்தும் ஆளு வருது, வந்து மாசக்கணக்கா லாட்ஜுல தங்குது. அப்படி வந்த வெளியூரு ஆளுன்னு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரில பதிஞ்சிரு. மாத்திர கெடைக்கும். நம்ம பக்கம் ஒண்ணும் வராது. அந்தம்மாவுக்கும் அதான வேணும்?"

"அப்ப அவுக மக? வள்ளத்துல வார பொம்பளைக?"

முத்துகிருஷ்ணன் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வெளியூரு ஆளுக்கு இங்கன ஏதும்மா மக?"

அவள் மூன்று நாள் யோசித்தாள். யோசித்தாள் என்பது பின்னால் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. உண்மையில் அவர் சொன்ன அந்த நிமிடமே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதை அவள் உணர்ந்திருந்தாள். மிளகாய்ச் செடி மழையில்லாமல் கருகி நிற்கும்போது வீட்டில் வரும் ஒரே சம்பளம் அவளுடையது. இருளம்மாளிடம் சொன்னபோது, அவள் கலைச்செல்வியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மரத்துப்போன விரல்கள் எவ்வளவு அழுத்துகின்றன என்று அவளுக்கே தெரியாததால், கலைச்செல்வியின் மணிக்கட்டு மறுநாள் வரை வலித்தது.

மீரா சாகிபுவின் லாட்ஜ் தர்காவுக்குப் போகும் தெருவில், அத்தர்க் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவில் இருந்தது. முத்துகிருஷ்ணனின் பெயரைச் சொன்னதும் மீரா சாகிபு ஒரு நோட்டை எடுத்தார். தாடியை மருதாணியால் சிவப்பாக்கியிருந்தார்.

"ஆறாம் நம்பரு ரூமு. சாருக்கு அதுதான் ராசி. அங்கன இதுவரைக்கும் ஒம்பது பேரு தங்கியிருக்காக, அல்லாவுக்கே வெளிச்சம். ஒருத்தர நான் கண்ணால பாத்ததில்ல. ஒரு துண்டு நனஞ்சதில்ல, ஒரு பல்பு எரிஞ்சதில்ல." அவர் இருளம்மாளைப் பார்த்தார். "நீங்கதான் மொதமொதல்ல நேர்ல வந்துருக்கீக. எந்த ஊரும்மா?"

"தூத்துக்குடிப் பக்கம்," என்றாள் இருளம்மாள். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்தது.

மீரா சாகிபு அவள் கையைப் பார்த்தார். விரல் மடிப்புகளில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள்.

"இந்த வெட்டு நம்ம பாற வெட்டு. எங்கம்மாவும் பாசிக்காரகளோட ஏவாரம் பண்ணுனவதான்." பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு கலைச்செல்வியிடம் திரும்பினார். "தங்கச்சி, இங்கன வாரவுக எல்லாம் புத்தி பெசகுனவுகளக் கூட்டியாந்து ஊருக்குத் தெரியாம வச்சிருக்க வாரவுக. அதுல ஒரு நியாயம் இருக்கு, அவுகளா வாராக. சர்க்காரே ஆள ஒளிக்கக் கூட்டியார்றத இப்பத்தான் பாக்குறேன்."

அவர் ஆறாம் நம்பரில் தங்கியிருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"போங்க. நல்லாயிருக்கணும்னு துவாச் செய்றேன். விலாசம் பொய்யா இருந்தாலும் துவா போய்ச் சேரும்."

முதல் நாள் மாத்திரை போட்டதும் மூத்திரம் சிவப்பாகப் போகும் என்று கலைச்செல்வி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சொல்லியும் இருளம்மாள் பயந்து போன் செய்தாள். நான்காம் மாதம் தோல் கறுக்கத் தொடங்கியது. கடலுக்குப் போகிறவள் கறுத்தால் யாரும் கேட்பதில்லை. இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை கலைச்செல்வியே ஏர்வாடிக்குப் போய் மாத்திரை அட்டையை வாங்கி வந்து முந்தானைக்குள் மறைத்துக் கொடுத்தாள். விரலுக்குத் துணி சுற்றச் சொன்னாள். இருளம்மாள் சுற்றினாள். ஏன் திடீரென்று என்று கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றாள். பை குறைந்தது. சின்னச்சாமி முகப்பில் வேறொருத்தியை உட்காரவைத்தார். மோதிர விரலிலிருந்து ஒருநாள் சின்ன எலும்புத் துண்டு, கழன்ற பல்லைப்போல, தானாக வெளியே வந்தது. விரல் ஒரு கணு குட்டையானது. நோய் குறைந்துகொண்டிருந்தது. போனது திரும்பாது.

ஆனால் கலைச்செல்விக்கு இருளம்மாளைப் பற்றிய பயம் போய், நம்புராணியைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவோடு ஒரே போர்வைக்குள் தூங்குகிறவள். ஒரு மாத்திரை, ஒரே ஒரு வேளை போட்டால் போதும். அதைக் கொடுக்கத் தாள் வேண்டும், தாளில் அம்மாவின் பேர் வேண்டும். குறைந்தபட்சம் உடம்பையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும் என்று ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டு ஒரு மதியம் வீட்டுக்குப் போனாள். நம்புராணி அப்போதுதான் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் எடுக்க முதுக எதுக்குக்கா பாக்கணும்?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண்.

பதில் சொல்வதற்குள் இருளம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். மகளைக் கடைக்கு அனுப்பினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தாள்.

"எம்மக மேல கைய வைக்காத."

"அக்கா, ஒரு நிமிசம் பாத்தாப் போதும். ஒண்ணும் இல்லன்னா ரெண்டு பேருக்கும் நிம்மதி. ஏதாச்சும் இருந்தா இப்பவே…"

"இருந்தா? இருந்தா என்ன செய்வ? அவளயும் ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போவியா? தையில கல்யாணம். மஞ்சக் கயிறு ஏறட்டும், அதுக்கப்பறம் வா."

"அதுக்குள்ள அவ புருசனுக்கும்…"

"போறியா இல்லையா?" இருளம்மாள் அவள் பையை எடுத்து வாசலில் வைத்தாள். கோபத்தோடு எறியவில்லை, பத்திரமாக வைத்தாள். "இன்னொருக்க இதுக்குன்னு இங்கன வந்தியன்னா, நானே ஒங்க பெரிய ஆபீசுக்குப் போயி ஏர்வாடிக் கதையச் சொல்லீருவேன். ஆறாம் நம்பரு ரூமு, சிவப்புத் தாடி, எல்லாத்தையும் சொல்லுவேன். எனக்கென்ன? நான் வெளியூர்க்காரி. எனக்கு இங்கன மகளே கெடையாது. ஒங்க சாரு எழுதிக் குடுத்ததுதான?"

கலைச்செல்வி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பஸ் போனது. முத்துகிருஷ்ணனிடம் சொன்னால் அந்தப் பதிவேட்டை மறுபடி எடுத்து மேசையில் வைப்பார். மேலே சொன்னால் மூன்று பேரின் பிழைப்பும் ஒரு கல்யாணமும் போகும், அதற்குப் பிறகும் அந்தக் கரைப் பெண்கள் எவளும் சட்டையைக் கழற்றிக் காட்டமாட்டாள். எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் அந்தப் பெண்ணின் முதுகு மட்டும் பார்க்கப்படாமல் நின்றது. நான்காவது பஸ்ஸில் ஏறினாள்.

ஜனவரிக் கடைசியில் ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். ஷாமியானா, மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள். தொடர்ந்து மூன்றாவது வருடமாகத் தொழுநோய் ஊனம் இல்லாத ஊராட்சி என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைத் தலைவர் கையில் கொடுத்தார்கள். முத்துகிருஷ்ணன் கைதட்டினார். கள ஊழியர் உறுதிமொழி வாசிப்பார் என்று அறிவித்து, கலைச்செல்வியின் கையில் அச்சடித்த தாளைக் கொடுத்தார். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

பாசிக்காரப் பெண்களை வள்ளம் கரை தட்டியதுமே நேராக அழைத்து வந்திருந்தார்கள், கூட்டத்துக்குத் தலை வேண்டுமே. சேலை உலர்ந்தும் உலராமலும் வரிசையாக நின்றார்கள். இரண்டாவது வரிசையில் இருளம்மாள். அவளுக்கு முன்னால் நம்புராணி. கல்யாணச் செலவுக்காக இந்த மாதம் அவளும் வள்ளத்தில் ஏறத் தொடங்கியிருந்தாள்.

"எல்லாரும் வலது கைய முன்னால நீட்டுங்க," என்றார் மைக்கில் ஒருவர்.

கைகள் நீண்டன. கலைச்செல்வி வாசிக்கத் தொடங்கினாள். உணர்ச்சியற்ற தேமல் உடலில் தென்பட்டால் மறைக்காமல் தெரிவிப்பேன். மறைக்காமல் தெரிவிப்பேன் என்று கூட்டம் திருப்பிச் சொன்னது. இருளம்மாளின் குரல் மற்றவர்களைவிடக் கணீரென்று கேட்டது. நோயுற்றவரை ஒதுக்கமாட்டேன். ஒதுக்கமாட்டேன்.

அடுத்த வரிக்குப் போகுமுன் கலைச்செல்வி தலையைத் தூக்கினாள். கடலிலிருந்து ஏறி வந்து வெயிலில் நின்றதில் அந்தக் கைகளின் மேல் தண்ணீர் வற்றி உப்புப் பூத்திருந்தது. முழங்கை வரைக்கும், சிலருக்குத் தோள் வரைக்கும், வட்டம் வட்டமாக, ஓரம் மங்கி, வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நம்புராணியின் முன்கையில் நான்கு இருந்தன. பக்கத்தில் நின்றவளுக்கு ஆறேழு. பின்வரிசையில் இன்னும் அதிகம். எது துடைத்தால் போகும், எது போகாது என்று மேடையிலிருந்து தெரியவில்லை. இறங்கிப் போய் ஒரு விரலால் தடவிப் பார்த்தால் போதும். மைக்கில் பேசியவர் அவளைப் பார்த்துச் சைகை காட்டினார். கைகள் நீட்டியபடியே அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தன.